ரெண்டா, நாலா, எட்டா? ரிங் ஃபிரேம் பராமரிப்புக்குப் புதிதாக வருபவர்களுக்கு

ஐ.டி.ஐ. முடித்துவிட்டு நூல் மில்லில் ஃபிட்டராகச் சேரும் பையன்களிடம் ஒரு பழக்கத்தைப் பார்க்கிறேன். "அந்த மெஷின்ல பிரேக்கேஜ் (நூல் அறுப்பு) ஜாஸ்தி" என்று யாராவது சொன்னதும் கை நேராக ஸ்பேனருக்குப் போகும். எனக்கும் அப்படித்தான் போனது.

சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது. ரிங் ஃபிரேம் என்பது பஞ்சுத் திரியை இழுத்து முறுக்கி நூலாக்கும் மெஷின், ஸ்பிண்டில் அதில் நூலைச் சுற்றும் சுழல்தண்டு. அப்படி ஒரு ரிங் ஃபிரேமில் அடுத்தடுத்த இரண்டு ஸ்பிண்டிலில் நூல் நிற்கவே இல்லை. சைடு பார்க்கும் அக்கா முடிச்சுப் போட்டுவிட்டு நகர்ந்தால் பின்னாலேயே அறுந்துவிடும். நான் டிராவலரை மாற்றினேன். பிறகு ரிங்கை மாற்றினேன். அதற்கும் சரியாகவில்லை என்று இரண்டு ஸ்பிண்டிலையும் கழற்றிப் புதிது போட்டேன். அரை ஷிஃப்ட் போயிற்று. அறுப்பு அப்படியே இருந்தது. மேஸ்திரி வந்தார். சட்டையின் கையை மடித்துக்கொண்டே கேட்டார்: "எத்தன ஸ்பிண்டில்ல அறுக்குது கண்ணு?"

"ரெண்டுங்க."

"பக்கத்துப் பக்கத்துலயா?"

"ஆமாங்க."

"அப்பறம் எதுக்குக் கீழ கை வெச்ச? மேல பாரு."

டாப் ஆர்மைத் தூக்கி, முன் ரோலரைக் கையில் எடுத்து விரலால் ஒரு சுற்றுச் சுற்றினார். நல்ல ரோலர் வழவழவென்று நாலைந்து சுற்றுச் சுற்றி மெதுவாக நிற்கும். இது அரைச் சுற்றில் சொரசொரவென்று நின்றுவிட்டது. நுனியில் பஞ்சு சுற்றி பேரிங்குக்குள் போயிருந்தது. ஒரு டாப் ரோலரில் இரண்டு காட்ஸ் (ரப்பர் உறை) இருக்கும், இரண்டும் அடுத்தடுத்த இரண்டு ஸ்பிண்டிலுக்கு. அதனால்தான் இரண்டில் அறுத்தது. ஸ்பிண்டிலில் கோளாறு என்றால் அந்த ஒன்றில் மட்டும்தான் அறுத்திருக்கும். இரண்டு நிமிட வேலை அது.

அன்றிலிருந்து எந்தக் கோளாறு வந்தாலும் நான் முதலில் செய்வது எண்ணுவதுதான். கோளாறு எத்தனை இடத்தில் இருக்கிறது, எந்த வரிசையில் இருக்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ரிங் ஃபிரேமில் இது ரொம்ப நன்றாக வேலை செய்யும். ஒவ்வொரு பாகமும் ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கை ஸ்பிண்டிலுக்குத்தான் பொறுப்பு என்பதுதான் காரணம்.

முதலில் மெஷினை மேலிருந்து கீழே ஒரு தடவை பாருங்கள்

மேலே உள்ள கிரீல் என்ற தாங்கியில் ரோவிங் பாபின் தொங்கும். அதிலிருந்து வரும் தடித்த பஞ்சுத் திரி மூன்று ஜோடி ரோலருக்குள் போகும். பின் ரோலர் மெதுவாகச் சுற்றும், முன் ரோலர் வேகமாகச் சுற்றும், அதனால் திரி இழுபட்டு மெலியும். நடு ரோலரில் ஏப்ரன் என்ற ரப்பர் பட்டை இருக்கும், இழைகள் சிதறாமல் பிடித்துக்கொள்வது அது. மேலே உள்ள ரோலர்களை டாப் ஆர்ம் அழுத்தும். முன் ரோலரை விட்டு வெளியே வரும் இழை லேப்பட் என்ற தாங்கியில் உள்ள கொக்கி வழியாக இறங்கி, ரிங்கின் மேல் ஓடும் டிராவலருக்குள் நுழைந்து, ஸ்பிண்டிலில் மாட்டிய குழலில் முறுக்கேறிச் சுற்றிக்கொள்ளும். நூல் சுற்றிய அந்தக் குழல்தான் காப்.

இதில் டிராவலர் என்பது ஒரு சின்னக் கம்பி வளையம். 40-ஆம் நம்பர் நூலுக்கு (நம்பர் கூடக் கூட நூல் மெலியும்) போடுவது ஏறக்குறைய ஓர் அரிசி எடைதான் இருக்கும். ஐ.எஸ்.ஓ. எண் என்று பெட்டியில் போட்டிருப்பது 1000 டிராவலரின் எடை, கிராமில். அந்த அரிசி எடைக் கம்பி 38 மி.மீ. ரிங்கில், ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 18,000 சுற்று ஓடும்போது என்ன வேகத்தில் போகும் தெரியுமா? விட்டத்தை 3.14-ஆல் பெருக்கினால் ஒரு சுற்று சுமார் 119 மி.மீ. வினாடிக்கு 300 சுற்று. ஆக வினாடிக்கு கிட்டத்தட்ட 36 மீட்டர், அதாவது மணிக்கு சுமார் 129 கிலோமீட்டர். எண்ணெய் கிடையாது, இரும்பின் மேல் இரும்பு. பஞ்சு நசுங்கி உண்டாகும் மெல்லிய படலம்தான் அதற்கு மசகு. இதை மனதில் வைத்துக்கொண்டால் டிராவலரை ஏன் நாள் கணக்குப் பார்த்து மாற்றுகிறோம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கை வைப்பதற்கு முன்

1200 ஸ்பிண்டில் மெஷின் என்றால் ஒரு பக்கத்துக்கு 600. ஸ்பிண்டிலுக்கு ஸ்பிண்டில் 70 மி.மீ. என்று வைத்தால் 42 மீட்டர் நீளம். இந்தக் கோடியில் குனிந்து வேலை செய்கிறவரை அந்தக் கோடியில் நிற்பவருக்குத் தெரியாது. எதிர்ப்பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. நான் கியர் பெட்டிக்குள் கை விட்டிருந்தபோது யாரோ ஸ்டார்ட் பட்டனை அழுத்தியது ஒரு தடவை நடந்திருக்கிறது. ஐசொலேட்டரை (மெஷினுக்கு வரும் கரண்ட்டை முழுதாகத் துண்டிக்கும் சுவிட்ச்) இறக்கிவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன், அதனால் இதை இப்போது பத்து விரலாலும் டைப் செய்கிறேன்.

வரிசை இதுதான். பேனலில் மெஷினை நிறுத்துங்கள். எமர்ஜென்சி பட்டனை அழுத்தியதோடு விட்டுவிடாதீர்கள், அது கன்ட்ரோல் சர்க்யூட்டைத்தான் நிறுத்தும். ஐசொலேட்டரை இறக்கிப் பூட்டுப் போடுங்கள். சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்க வேண்டும், சூப்பர்வைசர் மேஜையில் அல்ல. உங்கள் பெயரும் நேரமும் எழுதிய அட்டையை மாட்டுங்கள். பிறகு ஸ்டார்ட் பட்டனை ஒரு தடவை அழுத்திப் பாருங்கள், ஓடக் கூடாது. மோட்டார் வேகத்தை மாற்றும் இன்வெர்ட்டர் உள்ள மெஷினில் பேனலைத் திறக்கும் வேலை என்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கரண்ட்டை நிறுத்தினாலும் உள்ளே உள்ள கெப்பாசிட்டரில் மின்சாரம் சில நிமிடம் நிற்கும். எத்தனை நிமிடம் என்று இன்வெர்ட்டரின் மேலேயே ஒட்டியிருப்பார்கள்.

உடை பற்றி 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே பேசியது. ஓடும் மெஷினருகே பரிசோதனை வேலை செய்வதானால் தனிப் பயிற்சி பெற்றவர், இறுக்கமான உடையோடு, பதிவேட்டில் பெயர் உள்ளவராக இருக்க வேண்டும் என்று அதன் 22-வது பிரிவு சொன்னது. தோளில் துண்டு, கையில் கயிறு, மோதிரம், வாட்ச் எல்லாம் லாக்கரில் போய்விட வேண்டும். சாமி கயிறு என்றாலும் அவிழ்த்துவிடுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது.

ஒரே ஒரு ஸ்பிண்டிலை மட்டும் பார்க்க வேண்டுமென்றால் முழங்காலால் அழுத்தும் பிரேக் இருக்கிறது, அதை வைத்து நிறுத்தி டிராவலர் போடலாம், நூல் முடிச்சுப் போடலாம். அதற்கு மேல் எதற்கும் மெஷினை நிறுத்தித்தான் ஆக வேண்டும்.

இப்போது எண்ணுங்கள்

ஒரு சாக்பீஸ், ஒரு சின்ன நோட்டு. அறுந்த ஸ்பிண்டிலின் எண்ணை எழுதிக்கொண்டே ஒரு மணி நேரம் மெஷினைச் சுற்றி வாருங்கள். போகப் போக அறுந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். மறுபடி அதே இடத்தில் அறுந்தால் இன்னொரு கோடு. அலுப்பான வேலைதான். ஆனால் ஒரு மணி நேரத்தில் மெஷின் முழுக்கச் சிதறிய ஒற்றைக் கோடுகளும், சில இடங்களில் மட்டும் மூன்று நாலு கோடுகளும் தெரியும். ஒற்றைக் கோடு பெரும்பாலும் பஞ்சின் குற்றம். கோடு சேர்ந்த இடங்கள்தான் உங்கள் வேலை.

ஒரே ஒரு ஸ்பிண்டில் திரும்பத் திரும்ப அறுத்தால் அந்த ஸ்பிண்டிலுக்கு மட்டுமே சொந்தமான பாகங்களைப் பாருங்கள்: ரோவிங் பாபின், ஏப்ரன், காட்ஸின் ரப்பர் மேற்பரப்பு, லேப்பட் கொக்கி, டிராவலர், ரிங், ஸ்பிண்டில். மேலிருந்து கீழே இதே வரிசையில்.

இரண்டு ஸ்பிண்டில், அதுவும் அடுத்தடுத்து, இந்தப் பக்கம் மட்டும் என்றால் டாப் ஆர்ம், டாப் ரோலர், ஏப்ரனைத் தாங்கும் கிரேடில், அதில் உள்ள ஸ்பேசர். என் கதைதான்.

நாலு என்றால் கொஞ்சம் சுவாரசியம். டேப்பில் ஓடும் மெஷின்களில் ஒரு டேப் நாலு ஸ்பிண்டிலைச் சுற்றும், இந்தப் பக்கம் இரண்டு, எதிர்ப்பக்கம் இரண்டு. அதனால் இந்தப் பக்கம் இரண்டு ஸ்பிண்டில் என்று கண்டவுடன் டாப் ஆர்மைத் தூக்காதீர்கள். நடந்து எதிர்ப்பக்கம் போய் நேர் எதிரே உள்ள இரண்டையும் பாருங்கள். அங்கேயும் கோடு இருந்தால் டேப்தான். டேப் தளர்ந்திருக்கும், கிழிந்திருக்கும், அல்லது அதை இழுத்துப் பிடிக்கும் ஜாக்கி புல்லியில் பஞ்சு அடைத்திருக்கும். பெல்ட் நேராக ஸ்பிண்டிலைத் தொட்டு ஓட்டும் புதுவகை மெஷினில் இந்தக் கணக்கு பொருந்தாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

டேப் நழுவினால் அறுப்பு மட்டும் பிரச்சினை இல்லை. 40-ஆம் நம்பர் நூலுக்கு முறுக்குக் காரணி 4 என்று வைத்தால் அங்குலத்துக்கு சுமார் 25 முறுக்கு வர வேண்டும். ஸ்பிண்டில் ஐந்து சதவீதம் மெதுவாக ஓடினால் முன் ரோலர் விடும் நீளம் மாறாது, முறுக்கு 24 ஆகிவிடும். நூல் தளதளவென்று பலமில்லாமல் வரும், கண்ணுக்குத் தெரியாது. நாளைக்கு தறியிலோ பின்னல் மெஷினிலோதான் தெரியும். ஸ்ட்ரோபோஸ்கோப் வைத்திருக்கும் மில்லில் அதைக் கேட்டு வாங்கி ஸ்பிண்டில் வேகத்தைப் பார்த்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் ஒரு வழி உண்டு. பலூன் என்று நாம் சொல்கிற, கொக்கிக்கும் டிராவலருக்கும் நடுவே நூல் சுழலும் உருவத்தைப் பக்கத்து ஸ்பிண்டிலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மெதுவாக ஓடுவது தொளதொளவென்று தெரியும்.

ஆறோ எட்டோ வரிசையாக அறுத்தால் கீழ் ரோலர். நீளமான கீழ் ரோலர் ஆறு அல்லது எட்டு ஸ்பிண்டில் அளவுத் துண்டுகளாகத்தான் இணைத்திருப்பார்கள். ஒரு துண்டு வளைந்திருந்தாலும், இணைப்பில் மாட்டிய நீடில் பேரிங் தேய்ந்திருந்தாலும், அந்தத் துண்டு முழுவதும் தெரியும்.

ஒரு பக்கம் முழுவதும் என்றால் அந்தப் பக்கத்து ரிங்குகளைத் தாங்கும் ரிங் ரெயில் ஏறி இறங்குவதில் குலுக்கல் இருக்கிறதா பாருங்கள். அறுந்த இழையை உறிஞ்சும் காற்று குறைந்திருந்தாலும் பக்கம் முழுவதும் ரோலரில் பஞ்சு சுற்றும். ஃபேனிலிருந்து தூரத்தில் உள்ள கோடியில்தான் அது முதலில் தெரியும். ஃபில்டர் பெட்டியைத் திறந்து பஞ்சை எடுத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இதற்கு ஃபிட்டரே வேண்டாம். ஆனால் கியர் பெட்டியைக் கழற்றியபிறகு ஃபில்டரைப் பார்த்தவர்களை எனக்குத் தெரியும்.

மெஷின் முழுவதும் என்றால் ஸ்பேனரைக் கீழே வையுங்கள். டிராவலர் மாற்றும் நாள் தாண்டிவிட்டதா, பஞ்சு மிக்ஸிங் மாறியதா, ஈரப்பதம் என்ன என்று கேளுங்கள். ரிங் ஃபிரேம் கூடத்தில் 55 முதல் 60 சதவீதம் ஈரப்பதம் இருப்பது வழக்கம். காய்ந்தால் இழைகள் மின்னேற்றம் பிடித்துப் பறக்கும், ரோலரில் ஒட்டும். ஈரம் அதிகமானாலும் ரோலரில் சுற்றும். பல மெஷின் சேர்ந்து அறுத்தால் பார்க்க வேண்டியது ஹ்யூமிடிஃபிகேஷன் பிளான்ட், உங்கள் டூல் பாக்ஸ் இல்லை.

எண்ணிக்கையோடு நேரத்தையும் கவனிக்கலாம். காப் ஆரம்பிக்கும்போதே அறுக்கிறதா, முடியும்போதா? ஆரம்பத்தில் பலூன் நீளம், இழுவை அதிகம், அதனால்தான் இன்வெர்ட்டர் மெஷினில் ஆரம்ப வேகத்தைக் குறைத்து வைக்கிறோம். ஆரம்பத்தில் மட்டும் அறுப்பு என்றால் அந்த வேக அட்டவணையை யாராவது மாற்றிவிட்டார்களா என்று பேனலில் பாருங்கள். உற்பத்தி பத்தவில்லை என்று இரவு ஷிஃப்டில் ஏற்றிவிடுவது உண்டு.

பாகமா, இடமா?

ஒற்றை ஸ்பிண்டிலில் பாகம் எதுவென்று தெரியாதபோது ஒரு சோதனை இருக்கிறது. செலவே இல்லாதது. சந்தேகப்படும் பாகத்தைப் பக்கத்து நல்ல ஸ்பிண்டிலோடு இடம் மாற்றுங்கள். 212-இல் உள்ள ரோவிங் பாபினை 215-க்குக் கொண்டுபோங்கள். அறுப்பும் 215-க்குப் போனால் பாபின்தான். 212-லேயே நின்றால் பாபினை மறந்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள், ஏப்ரன், பிறகு டாப் ரோலர், பிறகு டிராவலர். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மூன்றைச் சேர்த்து மாற்றினால் சரியாகும், ஆனால் எது கெட்டது என்று தெரியாது. நல்ல பாகம் இரண்டு குப்பைக்குப் போகும், கெட்டது ஸ்டோரில் "நல்லது" என்று திரும்ப வந்து உட்காரும்.

இந்தப் பழக்கம் எந்த மெஷினுக்கும் பொருந்தும். தறியோ, லேத்தோ, பம்ப்போ, கோளாறு பாகத்தோடு நகர்கிறதா இடத்தோடு நிற்கிறதா என்று பார்த்துவிட்டால் பாதிச் சந்தேகம் விலகும்.

கண்ணும் விரலும்

காட்ஸை விரல் நுனியால் சுற்றிப் பாருங்கள். மேடு, பள்ளம், பளபளப்பு, கீறல் நான்கும் விரலுக்குத் தெரியும். கீறல் இருந்தால் அதைப் போட்டவர் பெரும்பாலும் சைடரோ ஃபிட்டரோதான். ரோலரில் பஞ்சு சுற்றிக்கொண்டால் பிளேடு போட்டு ஒரே இழுப்பில் வெட்டிவிடுவார்கள். வேகமாக முடியும். ஆனால் பிளேடு பஞ்சோடு நிற்காது, ரப்பரையும் கீறும். அந்தக் கீறலில் அடுத்த ஷிஃப்டில் மறுபடி பஞ்சு பிடிக்கும், மறுபடி பிளேடு வரும். பித்தளைக் கொக்கியால் நுனியைத் தேடி எடுத்து உரித்து விடுங்கள், ஒரு நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான். எங்கள் மேஸ்திரி பிளேடு வைத்திருப்பவர்களைத் தேடிப் பிடித்துப் பறிப்பார். அப்போது சிரித்தோம். காட்ஸைத் தேய்த்துப் புதுப்பிக்கும் பஃபிங் அறையின் செலவுக் கணக்கு கைக்கு வந்தபிறகு நானும் பறிக்க ஆரம்பித்தேன்.

தேய்ந்த காட்ஸை பஃபிங் மெஷினில் கொடுத்துச் சுமார் 0.2 மி.மீ. மட்டும் தேய்த்து எடுப்பார்கள். ஒரே ரோலரின் இரண்டு காட்ஸும் ஒரே விட்டம் இருக்க வேண்டும். ஒரே மெஷினில் வெவ்வேறு மாதத்தில் பஃப் செய்த காட்ஸைக் கலந்து போடாதீர்கள். பஃப் செய்த ரோலரின் ரப்பரை வெறும் கையால் பிடிக்கக் கூடாது, விரல் எண்ணெய் பட்ட இடத்தில் பஞ்சு ஒட்டும். நடுத்தண்டைப் பிடித்துத் தூக்குங்கள்.

டிராவலரைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். நூல் செல்லும் இடத்தில் பள்ளம், ரிங்கைத் தொடும் இடத்தில் தேய்மானம் இரண்டும் தனித்தனியாகத் தெரியும். நீலம் பாய்ந்திருந்தால் சூடேறி எரிந்திருக்கிறது என்று அர்த்தம், வேகமோ ரிங்கோ காரணம். எரிந்த டிராவலர் ஓடிய ரிங்கையும் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டினால் ரிங் போயிற்று, புது டிராவலர் இரண்டு நாள்கூடத் தாங்காது. டிராவலரில் ஒட்டும் பஞ்சை எடுக்கும் கிளியரரில் பஞ்சு அடைத்துப் போனால் டிராவலரின் மேல் பஞ்சு தொத்திக்கொண்டு கனத்துவிடும், அதனாலும் அறுக்கும். கழற்றிய டிராவலரைத் தரையில் போடாதீர்கள், பஞ்சில் கலந்து வேறு மெஷினுக்குள் போகும்.

எந்த எடை டிராவலர் என்பதை ஸ்பின்னிங் மாஸ்டர்தான் முடிவு செய்வார். ஆனால் அறிகுறி உங்களுக்கும் தெரிய வேண்டும். பலூன் பெருத்து, பக்கத்துத் தடுப்பில் நூல் பட்டுச் சிலும்பினால் டிராவலர் இலகு. பலூன் ஒடுங்கி, காப்பின் மூக்கருகே அறுத்தால் கனம். புது ரிங் போட்ட மெஷினை முதல் நாளே முழு வேகத்தில் ஓட்டச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வேகத்தைக் குறைத்து, முதல் சில செட் டிராவலரைச் சீக்கிரம் சீக்கிரம் மாற்றிப் பழக்க வேண்டும். ரிங் செய்த கம்பெனி அட்டவணை தரும், அதன்படி போங்கள்.

ஸ்பிண்டிலுக்கு எண்ணெய் விடுவதில் புதியவர்கள் தாராளம் காட்டுவார்கள். ஸ்பிண்டில் எண்ணெய் தண்ணீர் போல மெலிந்தது, ஸ்பிண்டிலைத் தாங்கும் போல்ஸ்டருக்குள் கொஞ்சம்தான் கொள்ளும். சிரிஞ்சால் பழைய எண்ணெயை உறிஞ்சி வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விடுங்கள். பழுப்பு என்றால் வயது, கறுப்பு என்றால் தேய்மானம், மினுமினுத்தால் பேரிங்கின் உலோகம், அந்த ஸ்பிண்டிலைக் குறித்துக்கொள்ளுங்கள். புதிதாக விடும்போது அளவுக்கம்பி காட்டும் கோட்டுக்கு மேல் போகக் கூடாது. வழிந்தால் டேப்பில் ஏறும், டேப் நழுவும். அப்புறம் நாலு ஸ்பிண்டில் கணக்கு மறுபடி தொடங்கும். கிரீஸும் அப்படித்தான், அதிகம் வைத்தால் சூடு. பேரிங்கைக் கேட்க ஒரு நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை ஹவுசிங்கில் வைத்துப் பிடியில் காதை வையுங்கள். நல்லது சீராக ரீங்கரிக்கும். கெட்டது மணலை அரைப்பது போலிருக்கும். ஓடும் மெஷினில் செய்கிற சோதனை என்பதால் மூடி போட்ட ஹவுசிங்கில் மட்டும், தலைமுடி, சட்டை எல்லாம் அடக்கமாக.

மெயின் மோட்டாரின் வி-பெல்ட்டில் ஒன்று அறுந்தால் அதை மட்டும் மாற்றாதீர்கள். புதியது நீளம் குறைவாக இருந்து முழுச் சுமையையும் அதுவே இழுத்துச் சீக்கிரம் போய்விடும். முழு செட்டாக மாற்றுங்கள். இரண்டு புல்லியும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பாருங்கள். நடுவில் அழுத்தினால் ஒரு மீட்டர் இடைவெளிக்கு சுமார் 16 மி.மீ. இறங்குவது பொதுக் கணக்கு.

சென்டர் பிடித்தல்

இது பொறுமையை வாங்கும் வேலை. ரிங்கின் நடுவில் ஸ்பிண்டில் நிற்க வேண்டும், ஸ்பிண்டில் நுனிக்கு நேர் மேலே லேப்பட் கொக்கி இருக்க வேண்டும். ஒன்று விலகினாலும் டிராவலர் ஒரு சுற்றில் ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தளரும், வினாடிக்கு 300 தடவை.

வரிசை மாறினால் செய்தது எல்லாம் வீண். முதலில் மெஷின் சட்டத்தின் மட்டம், ரசமட்டம் வைத்து. பிறகு ரிங் ரெயிலின் மட்டம். அது ஏறி இறங்கும் தூண்களில் பிடிப்பு இல்லாமல் இருக்கிறதா என்று கையால் தூக்கிப் பாருங்கள். அப்புறம் ரிங்குக்குள் ஸ்பிண்டிலை சென்டர் கேஜ் வைத்து நட்டைத் தளர்த்தித் தட்டி நிறுத்துவது. ரிங் ரெயிலை மேலே, நடுவே, கீழே என்று மூன்று நிலையிலும் வைத்துப் பார்க்க வேண்டும். கீழே சரியாக இருந்து மேலே விலகினால் ஸ்பிண்டில் சாய்ந்திருக்கிறது. அடுத்து பலூன் வளையம், அதுவும் அதே மையத்தில். கடைசியாகத்தான் லேப்பட் கொக்கி, தூக்குக்குண்டு அல்லது அதற்கான கேஜ் வைத்து. கொக்கியிலிருந்து தொடங்கிக் கீழே இறங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். மாலையில் எல்லாக் கொக்கியையும் மறுபடி செய்தார்கள்.

கொக்கியின் உள்பக்கத்தை ஒரு பஞ்சுத் துணுக்கால் தடவுங்கள். நூல் ஓடி ஓடிக் குழி விழுந்திருந்தால் பஞ்சு மாட்டும். அந்தக் கொக்கியைத் தேய்த்துப் பயன்படுத்தலாம் என்று நினைக்காதீர்கள், மாற்றிவிடுங்கள்.

சோதனைக் கூடத்துத் தாளை வாசிப்பது

நூல் அறுக்காமலே கெட்டுப்போவதும் உண்டு. குவாலிட்டி லேபில் ஸ்பெக்ட்ரோகிராம் என்று ஒரு வரைபடம் தருவார்கள். ஒரு குறிப்பிட்ட நீளத்துக்கு ஒரு முறை நூல் தடித்து மெலிந்தால் அந்த நீளத்தில் ஒரு கோபுரம் எழும்பும். பெரும்பாலான ஃபிட்டர்கள் இதைப் பார்த்தாலே லேபுக்காரர்களிடம் தள்ளிவிடுவார்கள். கற்றுக்கொள்ளுங்கள், பெருக்கல் மட்டும் தெரிந்தால் போதும்.

முன் கீழ் ரோலர் 27 மி.மீ. என்றால் சுற்றளவு சுமார் 85 மி.மீ. முன் காட்ஸ் 30 மி.மீ. என்றால் 94 மி.மீ. கோபுரம் 9.4 செ.மீ.யில் நின்றால் காட்ஸ் வட்டமாக இல்லை. 8.5-இல் நின்றால் கீழ் ரோலர். பின் ரோலரில் குறை என்றால் அது இழுபட்டு நீண்டுவிடும். ரோவிங்கை 40 மடங்கு இழுக்கிறோம் என்றால் அதே 85 மி.மீ. நூலில் 3.4 மீட்டராகத் தெரியும். நடு ரோலர் என்றால் முன் பகுதியின் இழுவையால் மட்டும் பெருக்குங்கள்.

ஒரு கண்ணி இருக்கிறது. பலமுறை பஃப் செய்த காட்ஸ் 28 மி.மீ.க்கு இறங்கியிருந்தால் அதன் சுற்றளவு 88 மி.மீ., கீழ் ரோலருக்கு மிக அருகில். தாளை மட்டும் பார்த்தால் குழம்பும். அப்போது மறுபடி எண்ணிக்கைக்கு வாருங்கள். ஒரே காப்பில் தெரிகிறதா, வரிசையாக எட்டுக் காப்பிலுமா? எட்டிலும் தெரிந்தால் கீழ் ரோலர். டயல் கேஜை வைத்துச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கழற்றுங்கள்.

நாள் வேலை, வார வேலை

இதை விரிவாக எழுதத் தேவையில்லை, ஒவ்வொரு மில்லிலும் அட்டவணை ஒட்டியிருக்கும். ஷிஃப்டுக்கு ஒரு முறை ஃபில்டர் பெட்டி, மோட்டாரின் காற்றுத் துளை, ரிங் ரெயில் ஓரம். பஞ்சுத் தூசியும் சூடான மோட்டாரும் சேர்ந்தால் தீ என்பதால் இது மட்டும் தள்ளிப்போடக் கூடாதது. மெஷினைக் காற்றடித்துச் சுத்தம் செய்யும்போது பேரிங்கை நோக்கி அடிக்காதீர்கள், தூசி உள்ளே போகும். உடம்பின் மேலுள்ள பஞ்சை அந்தக் காற்றால் தட்டிக்கொள்வதும் வேண்டாம், கண்ணுக்கும் காதுக்கும் ஆபத்து. முழுச் சுத்தத்துக்கு மெஷினை நிறுத்தும் நாளில்தான் டாப் ஆர்மின் அழுத்தம், ஏப்ரன், கியர் பற்கள் எல்லாம் பார்க்க நேரம் கிடைக்கும். அந்த நாளை உற்பத்தி ஆட்கள் ஒத்திப்போடச் சொல்வார்கள். சண்டை போடாமல் சாக்பீஸ் கோடு போட்ட நோட்டைக் காட்டுங்கள். சத்தம் போட்டு வாங்க முடியாத நாலு மணி நேரத்தை அந்த நோட்டு வாங்கித் தரும்.

திரும்ப ஓட்டுவது

டூல் பாக்ஸில் எத்தனை சாமான் எடுத்தீர்களோ அத்தனையும் திரும்ப வந்துவிட்டதா என்று எண்ணுங்கள். ஒரு அலன் கீ ரோலருக்குள் போனால் அடுத்த வாரம் முழுக்க உங்களுக்கு வேலை. மூடிகள் எல்லாம் மாட்டியாயிற்றா, இரண்டு பக்கமும் நடந்து பாருங்கள், உங்களோடு வேலை செய்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வெளியே வந்துவிட்டார்களா என்று உறுதி செய்யுங்கள். பூட்டை நீங்களே திறங்கள். முதலில் இன்ச்சிங் (விட்டு விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றுவது), பிறகு நூலில்லாமல் சில நிமிடம். வாசனை, சூடு, சத்தம். அப்புறம் மெதுவேகத்தில் நூல் போட்டு, முதல் டாஃப் (நிறைந்த காப்புகளைக் கழற்றி எடுப்பது) முடியும்வரை அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.

நோட்டில் தேதி, மெஷின் எண், ஸ்பிண்டில் எண், என்ன பார்த்தீர்கள், எதை மாற்றினீர்கள் என்று எழுதிவிடுங்கள். "சரி செய்யப்பட்டது" என்று எழுதுவதற்குப் பதிலாக "477, 478 டாப் ரோலர் பேரிங்கில் பஞ்சு, ரோலர் மாற்றம்" என்று எழுதினால் அடுத்த ஷிஃப்ட் ஃபிட்டருக்குப் புரியும். சாக்பீஸ் கோட்டை அன்றே அழிக்காதீர்கள். மறுநாளும் அதற்கடுத்த நாளும் போகும்போது அந்த ஸ்பிண்டிலை ஒரு பார்வை பாருங்கள். மூன்றாம் நாளும் புதுக் கோடு சேரவில்லை என்றால் ஈரத் துணியால் துடைத்துவிடலாம்.